மாறாத துள்ளல்

கரண்ட் போனதும் மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது, தொட்டில் நிற்கவில்லை. அது பாட்டுக்கு மேலும் கீழுமாய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஞானசெல்வி சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தொட்டில் சேலையின் ஓரத்தைப் பிடித்திருந்த கை எப்போது இழுக்கிறது, எப்போது விடுகிறது என்று அவளுக்கே தெரியாது, இந்த இரண்டரை மாதத்தில் அவ்வளவு பழகிவிட்டது. கூரைக் கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு அடியில் மரக்கட்டை, கட்டையில் பச்சைக்கரை போட்ட பழைய நூல்சேலை, சேலைக்குள் லிடியா. தூங்கிவிட்டாள். பால் கொடுக்க எடுத்து மடியில் போட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, இரண்டு வாய் உறிஞ்சினாள், நிறுத்தினாள், மூச்சு வாங்கினாள், மறுபடி ஒரு வாய், அப்புறம் காம்பை வாயில் வைத்தபடியே கண் செருகிவிட்டது. நெற்றியெல்லாம் வியர்வை. மூட்டை தூக்கிவிட்டு வந்தவளைப் போல. தூத்துக்குடியில் மே மாதத்தில் யாருக்குத்தான் வியர்க்காது, எனக்கும்தான் வியர்க்கிறது, நைட்டி முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, ஆனால் நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், அவள் பால் குடிக்கிறாள், சும்மா இருக்கிறவளுக்கு வியர்ப்பதும் பால் குடிக்கிறவளுக்கு வியர்ப்பதும் ஒன்றா, ஒன்றுதான், வெயில் ஒன்றுதானே. அப்படியென்றால் கை ஏன் சில்லென்று இருந்தது. நெற்றி நனைந்திருந்தது, விரல்கள் குளிர்ந்திருந்தன. அதை நினைக்க வேண்டாம். கரண்ட் எப்போது வருமோ.

கீழ்வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எஸ்தர் மைனி. கணவன் ஜெபராஜின் அக்கா. இரண்டு பையன்களைப் பெற்று வளர்த்துக் காலேஜ் வரைக்கும் அனுப்பியவள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள், இன்றைக்கும் மீன்குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் மாடிக்குத்தான் வரும். மைனிக்குத் தெரியாதா. காலையில்கூட வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளைட்டி இது, வீட்ல பிள்ள இருக்கதே தெரியல, என் பயலுவ ராத்திரியெல்லாம் கத்தி என்னைப் பாடாய்ப் படுத்துனானுவ, நீ குடுத்து வச்சவ" என்றாள். குடுத்து வச்சவ. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சபையிலிருந்து பார்க்க வந்தவர்கள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கணக்கு டீச்சர், எதிர்வீட்டம்மா, எல்லோரும். அழாத பிள்ளை. தங்கமான பிள்ளை. செல்வி சிரித்துக்கொண்டு தலையாட்டுவாள், அவர்கள் போனதும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை ஜெபராஜிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் குஜராத்தில், காண்ட்லா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ராத்திரி ஷிப்ட் முடிந்து கூப்பிடும்போது பின்னால் இரும்பு மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிள்ளை சரியாவே குடிக்க மாட்டேங்கா, எப்பவும் தூங்குதா என்றாள். "ஃபிசிக்ஸ் டீச்சர் நீ, நீயே இப்படிப் பயந்தா எப்படி? அக்கா பக்கத்துல இருக்கால்ல, பயப்படாத" என்றான் அவன். சரி என்றாள். பயப்படாதே என்று ஒருவர் சொல்லும்போது சரி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு முதல் கேட்டால் ஒண்ணுமில்ல, நல்லாருக்கா என்று சொல்லிவிடுவாள், அவனும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

விசிறி நின்றதால் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. டக், டக். தொட்டில் அதைவிடக் கொஞ்சம் வேகமாய்த் துள்ளியது, இரண்டும் ஓர் இடத்தில் சேர்ந்து வந்து, பின் விலகி, திரும்பவும் எங்கோ சேர்ந்தன. அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். லேசாய் ஒரு சிரிப்பு வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் இப்படித்தான் ஒருநாள் மத்தியானம் விளையாட்டாய் எண்ணினாள், வினாடி முள் ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் தொட்டில் எத்தனை தடவை துள்ளுகிறது என்று. எண்பது. லேப்பை விட்டு வந்தாலும் லேப் விடவில்லை என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் அவள் ஆசையாய்க் காத்திருந்து எடுக்கிற பாடம் அது. ஸ்டாண்டில் ஸ்பிரிங்கை மாட்டி, அடியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, இழுத்து விடு என்பாள். பெரிதாய் இழுத்தால் சீக்கிரம் ஆடுமா மிஸ் என்று யாராவது கேட்பார்கள். இழுத்துப் பாரேன். இழுப்பார்கள், எண்ணுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கொஞ்சமாய் இழுத்தாலும் அதே நேரம், நிறைய இழுத்தாலும் அதே நேரம், தூரம் கூடினால் அது வேகமாய் ஓடிச் சரிக்கட்டிக்கொள்ளும். அப்போ எதுக்குத்தான் மிஸ் மாறும்? எடையை மாத்து. எடை கூடினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், கனத்த ஆள் படியேறுகிற மாதிரி. அப்படித்தான் சொல்லுவாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு வருஷம் மகரஜோதி என்ற பிள்ளை எல்லா எடைக்கும் ஒரே நேரத்தைச் சொன்னாள், எண்ணாமலே சொல்லுகிறாள் என்று செல்விக்குக் கோபம் வந்துவிட்டது, எடை ஏறுதும்மா, நேரம் ஏறலையே, எப்படி, என்று கேட்டாள். எடை ஏறினால் நேரம் ஏறணும்மா. ஏறணும்.

சேலை ஓரத்தைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. ஏறணும். வந்த புதிதில் எண்பது. இரண்டரை மாதம் ஆயிற்று. பிள்ளை வளர்ந்திருந்தால் தொட்டில் மெதுவாகியிருக்கும். மெதுவாகியிருக்கிறதா? அவள் தொட்டிலைப் பார்த்தாள், அது அடங்கிக்கொண்டே வந்தது, சின்னதாய், இன்னும் சின்னதாய், ஆனால் அதே தாளத்தில். கடிகாரத்தைப் பார்த்தாள். முள் மேலே வரட்டும் என்று காத்திருந்தாள், வந்ததும் இழுத்து விட்டாள், ஒன்று, இரண்டு, மூன்று, பிறந்தபோது இரண்டேமுக்கால் கிலோ, ஒன்றரை மாதத்தில் ஊசிக்குப் போனபோது எடை கொஞ்சம் கம்மிதான், போகப் போகத் தேறிடும் என்றார்கள், அடுத்த ஊசிக்கு நாள் வந்தபோது சளி பிடித்துவிட்டது, சரியானதும் வாங்க என்றார்கள், போகவில்லை, எங்கே விட்டேன், பதினேழா, பதினெட்டா. மறுபடி. முள் மேலே வந்தது. இந்தத் தடவை விரல் மடக்கி எண்ணினாள். முப்பது வரைக்கும் ஒழுங்காய்ப் போனது. முப்பத்தொன்றில் தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு சின்ன முனகல், உடனே எழுந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை, உதடு அசைகிறது, கனவில் பால் குடிக்கிறாள். கனவிலாவது நன்றாய்க் குடி என்று நினைத்தாள், நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. அழ இது நேரமில்லை. முள் எங்கே. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள், வேறு எந்த நினைப்பும் வரக்கூடாது என்ற ஒரே நினைப்போடு, அந்த நினைப்பும் எண்ணிக்கைக்கு நடுவில் வந்து வந்து முட்டியது. முள் மேலே வந்தபோது எழுபத்தொன்பது.

எண்பதுக்கும் எழுபத்தொன்பதுக்கும் ஒன்றுதான் வித்தியாசம், கை தவறினால் ஒன்று போகும், ஒன்று வரும். அப்படியே இருக்கிறதே, கூடவும் இல்லை குறையவும் இல்லை, நல்லதுதானே என்று மனசின் ஒரு மூலை சட்டென்று சந்தோஷப்பட்டது, அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து மற்ற மூலைகளெல்லாம் பயந்தன. அப்படியே இருக்கக்கூடாது. இந்நேரம் நாலரை, நாலேமுக்கால் கிலோ இருக்க வேண்டிய பிள்ளை, தொட்டில் அறுபத்தைந்து, எழுபதுக்கு இறங்கியிருக்க வேண்டும். ஸ்பிரிங் கெட்டிருக்கலாம். உப்புக்காற்று, இரும்பெல்லாம் அரித்துப்போகிற ஊர். ஆனால் அரித்த ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் மெதுவாய்த்தான் ஆடும், வேகமாய் ஆடாது. சேலையை மாற்றினோமே. மாற்றினால் என்ன, சேலை எடை எவ்வளவு, சேலைக்கும் சேலைக்கும் இரண்டு கிலோவா வித்தியாசம் வரும். அன்றைக்கு எண்ணினது தப்பாயிருக்கலாம். இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் எண்ணினது, தையல் வலியோடு எண்ணினது, விளையாட்டாய் எண்ணினது. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது, பிள்ளையைப் பார்த்தால் தெரியாதா, பெற்றவளுக்குக் கடிகாரம் வேண்டுமா, கையில் எடுத்துத் தூக்கினால் தெரியாதா கனம். தெரியவில்லை. தினமும் தூக்குகிறவளுக்கு அது தெரியாது. நேற்றைக்கு இருந்த மாதிரியேதான் இன்றைக்கும் இருக்கிறாள், நேற்றைக்கு முந்தாநாள் மாதிரி. அப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்துவிடுகிறது, அங்கே ரோஸ் துண்டில் சுற்றிக் கொடுத்தார்களே, அதே முகம், அதே கை. பிறந்த புதிதில் போட்ட சட்டை இன்னும் பொருந்துகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் மைனியிடம் பெருமையாய்ச் சொன்னாளே. பெருமையாய்.

அவள் எழுந்தாள். லிடியாவை எடுத்துப் பாயில் கிடத்தினாள், பிள்ளை விழிக்கவில்லை, கை மட்டும் ஒரு பக்கமாய்ச் சரிந்து விழுந்தது. அடுக்களைக்குப் போனாள். டப்பாக்களைத் தள்ளினாள், மாதச் சாமான் வந்து இன்னும் பிரிக்காமல் வைத்திருந்த கிலோப் பொட்டலங்கள் இருந்தன, சீனி இரண்டு, துவரம்பருப்பு ஒன்று, ரவை ஒன்று. என்ன செய்கிறோம் என்று அவள் நினைக்கவில்லை, நினைத்தால் நின்றுவிடுவாள் என்று கைக்குத் தெரிந்திருந்தது. நாலு பொட்டலத்தைக் கொண்டுவந்து தொட்டிலுக்குள் வைத்தாள், பிள்ளையை வைக்கிற மாதிரியே தலைப்பக்கம் கையைக் கொடுத்து. அப்படி வைத்தது தெரிந்ததும் கையை வெடுக்கென்று எடுத்தாள். இழுத்து விட்டாள். தொட்டில் நிதானமாய் இறங்கியது, நிதானமாய் ஏறியது. பார்த்தாலே தெரிந்தது, எண்ண வேண்டிய அவசியமே இல்லை, இது வேறு ஆட்டம், கனத்த ஆள் படியேறுகிற ஆட்டம், இப்படித்தான் ஆடியிருக்க வேண்டும், எல்லா வீட்டிலும் இந்நேரம் இப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மூன்று. இழுத்து விட்டாள். ஆட்டத்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்தாள். அதே துள்ளல். பிள்ளையின் துள்ளல். முள் மேலே வர, எண்ணினாள், நடுவில் எந்த நினைப்பும் வரவில்லை, ஒரு நினைப்புக்கும் இப்போது இடமில்லை, எழுபத்தேழில் நின்றது. பிள்ளைக்கு எழுபத்தொன்பது, அப்படியானால் பிள்ளை மூன்று கிலோகூட இல்லை. சீனியும் பருப்பும் ரவையும் தொட்டிலில் ஆடின, அவள் பெற்றது பாயில் கிடந்தது, வாய் லேசாய்த் திறந்து, விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. அவள் அதை முன்பும் பார்த்திருக்கிறாள். தினமும் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் மூச்சு விடுவது இப்படித்தான் போல என்று பார்த்திருக்கிறாள். குனிந்து காதை வைத்துக் கேட்டாள். குட்டிக் குட்டி மூச்சு, ஓடி வந்தவளின் மூச்சு. தூங்குகிற பிள்ளை எங்கே ஓடினாள்? இரண்டரை மாதமாய் எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கிறாள், நாமெல்லாம் தூங்குகிறாள், நல்ல பிள்ளை என்று சொல்லிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தோம்.

"என்னட்டி செய்யுத?"

எஸ்தர் மைனி வாசலில் நின்றாள், கையில் நுங்கு வைத்த கிண்ணம். பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள், ஆடுகிற தொட்டிலைப் பார்த்தாள், கிட்டே வந்து சேலையை விலக்கி உள்ளே பார்த்தாள். பிறகு கிண்ணத்தைச் சன்னலில் வைத்துவிட்டு, மெதுவாய், பைத்தியம் பிடித்தவளிடம் பேசுகிற குரலில் கேட்டாள்: "செல்வி, ராத்திரி தூங்குனியாம்மா நீ?"

மைனி என்ன நினைக்கிறாள் என்று செல்விக்குப் புரிந்தது. பிள்ளை பெற்றவளுக்குச் சிலசமயம் புத்தி பேதலித்துவிடும், மைனிக்குத் தெரிந்த யாரோ ஒருத்திக்கு அப்படி ஆயிற்று என்று முன்பே சொல்லியிருக்கிறாள். இதை எப்படிச் சொல்வது, ஸ்பிரிங், எடை, நேரம், முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு ஒரே மணிநேரத்தில் புரியவைத்த பாடம், இப்போது ஒரு வாக்கியம்கூட வாயில் நிற்கவில்லை. "மைனி, பிள்ள மூணு கிலோகூட இல்ல" என்றாள். "கூடவே இல்ல மைனி. பிறந்ததுல இருந்து கூடவே இல்ல."

"ஒல்லிப் பிள்ளைட்டி. ஜெபராஜும் சின்னதுல இப்படித்தான் இருந்தான், நோஞ்சான். இப்ப எப்படி இருக்கான் பாரு. நீ பயப்படாத, பயந்தா பாலும் வத்திரும்."

பாலும் வத்திரும். அதுவும் தன் தலையில்தான். இந்த ஒரு மாதமாய் யார் எது சொன்னாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது, அவளுக்கே அதுதான் பயம், டாக்டரிடம் போனால் பால் போதவில்லை என்பார்கள், நீ படித்தவள்தானே, இதுகூடத் தெரியாதா என்பார்கள், அதற்குப் பயந்துதானே ஊசிக்குக்கூடப் போகாமல் தள்ளிப்போட்டாள், சளி ஒரு சாக்கு, சளி நாலு நாளில் போய்விட்டது. அது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அவள் மைனியின் கையைப் பிடித்து இழுத்துப் பாயருகே உட்காரவைத்தாள், பிள்ளையின் சட்டையை மேலே தூக்கினாள். "பாருங்க மைனி. எதுவும் சொல்லாதீங்க, சும்மா பாருங்க."

எஸ்தர் மைனி பார்த்தாள். வெளியே ஒரு லாரி உப்பளப் பக்கம் போகிற சத்தம் வந்து தேய்ந்தது. தோல் உள்ளே போய் வந்தது, உள்ளே போய் வந்தது. மைனி தன் கையைப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை. முகத்திலிருந்து அந்தப் பைத்தியக்காரியிடம் பேசுகிற நிதானம் கொஞ்சம் கொஞ்சமாய்க் கழன்று போனது. "இது எப்பத்துல இருந்துட்டி?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து படியில் இறங்கிக்கொண்டே, "சேலையக் கட்டு, நான் ஆட்டோவக் கூப்புடுதேன்" என்றாள்.

ஆட்டோவில் வெயில் இரண்டு பக்கமும் அடித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி எம்பி இறங்கியது, செல்வி பிள்ளையைத் தன் நெஞ்சோடு அணைத்து அந்தக் குலுக்கலைத் தானே வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். டாக்டர் இருப்பாரா, இல்லாவிட்டால் எங்கே போவது, தப்பாயிருக்கட்டும், நான் எண்ணினது எல்லாம் தப்பாயிருக்கட்டும், பொட்டலத்தில் எடை கூட இருந்திருக்கட்டும், கடிகாரம் நின்று நின்று ஓடியிருக்கட்டும், டாக்டர் சிரித்து, என்ன டீச்சரம்மா, பிள்ளையை இப்படியா நிறுப்பாங்க என்று கேட்கட்டும், நான் வெட்கப்பட்டுத் தலைகுனிந்து வீட்டுக்கு வருகிறேன், வாழ்நாள் முழுக்க மைனி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கட்டும், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லட்டும், தொட்டிலில் சீனி போட்டு ஆட்டினவள் என்று. அந்தச் சிரிப்பை அவள் அவ்வளவு ஆசையாய் நினைத்துக்கொண்டே போனாள், மைனி சிரிக்கும்போது விழுகிற கன்னக்குழிகூடத் தெரிந்தது. பக்கத்தில் மைனி வாய்க்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பிள்ளையை எடை மெஷினில் கிடத்தினாள். எண்கள் குதித்து, தடுமாறி, இரண்டு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றன. கணக்கு சரியாய் வந்ததும் மனசுக்குள் எப்போதும் விழுகிற ஒரு சின்ன நிம்மதி, கரும்பலகையில் கடைசி வரிக்குக் கீழே கோடு இழுக்கும்போது வருகிற நிம்மதி, அவளையும் மீறி இப்போதும் ஒரு கணம் வந்தது, அதற்காக அவள் தன்னை மன்னிக்கவில்லை. டாக்டர் நடுவயசுப் பெண், அதிகம் பேசாதவர். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி நெஞ்சில் வைத்தார். கேட்டார். நகர்த்தி வைத்துக் கேட்டார். முதுகில் கேட்டார். திரும்ப நெஞ்சுக்கு வந்தார். ஒருவர் இவ்வளவு நேரம் கேட்டால் கேட்பதற்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பால் குடிக்கும்போது வேர்க்குதா? நிறுத்தி நிறுத்திக் குடிக்கிறாளா? எல்லாவற்றுக்கும் ஆமாம். ஒவ்வொரு ஆமாமும் அவளிடம் எத்தனையோ நாளாய் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

"உங்க பால்ல குறை ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். "குடிக்கதுக்கு அவளுக்குத் தெம்பு இல்ல. இதயத்துல ஒரு சத்தம் கேக்குது, உள்ள ஓட்டை இருக்கும்னு நினைக்கேன். மூச்சு விடுறதுக்கே எல்லாத்தையும் செலவழிச்சிருதா, வளர்றதுக்கு ஒண்ணும் மிஞ்சல. இப்ப மருந்து ஆரம்பிப்போம், இன்னைக்கே திருநெல்வேலிக்குப் போங்க, அங்க ஆஸ்பத்திரியில சேத்து, எக்கோ ஸ்கேன் எடுக்கணும், நான் பேசிடுதேன். மருந்துல தேறி வர்ற பிள்ளைகளும் உண்டு, ஆபரேஷன் தேவைப்படுறதும் உண்டு. பாத்தாத்தான் சொல்ல முடியும்."

எஸ்தர் மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்விக்கு அழுகை வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது. "பயப்படணுமா டாக்டர்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். "கொஞ்சம் பயப்படத்தான் வேணும்" என்றார். "பயப்பட ஒண்ணுமில்லன்னு நான் சும்மா சொல்ல மாட்டேன். ஆனா செய்ய வேண்டியது இருக்கு. செய்வோம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி, பிழிந்தெடுத்த பாலைப் பாலாடையில் சொட்டுச் சொட்டாய்ப் புகட்டினாள். ஒரு வாய்க்கு ஒரு மூச்சு, அவசரமில்லை. லிடியா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். பாதியில் போன் அடித்தது, ஜெபராஜ், பின்னால் அதே இரும்புச் சத்தம், மைனி அவனுக்கு முன்பே சொல்லிவிட்டிருந்தாள், அவன் குரல் உடைந்திருந்தது, உடைந்த குரலிலேயே "பயப்படாத செல்வி" என்று ஆரம்பித்தான். "பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "லீவு போட்டுட்டு வாங்க. கிடைக்கிற வண்டியில வாங்க." "வாரேன்" என்றான் அவன்.

பாலாடை காலியானது. நெஞ்சுக்குள் பயம் அப்படியே இருந்தது, ஒரு பொட்டும் குறையவில்லை, ஆனால் அது இப்போது ஒரு இடத்தில் இருந்தது, அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில், டாக்டரின் அறையில், ஜெபராஜ் ஏறப்போகிற வண்டியில். வயிற்றில் என்னவோ பிசைந்தது. என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. காலையில் ஒரு டம்ளர் காப்பி குடித்ததோடு சரி, நேற்று ராத்திரியும் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை, எத்தனை நாளாகவோ சோறு சோறாகவே இறங்கவில்லை.

"மைனி," என்றாள். "எனக்குப் பசிக்கு."

எஸ்தர் மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர்க்கடையில் ஏதாவது வாங்கி வர எழுந்து போனாள்.